வாயைப் பொத்தாதே என்று சொன்ன டீச்சர்

செப்டம்பர் 5 வந்துவிட்டால் கைப்பேசி முழுக்க ரோஜாப்பூ படங்கள்தான். 1962இல் ராதாகிருஷ்ணன் குடியரசுத் தலைவரான ஆண்டில் தொடங்கிய வழக்கம் இது. அவர் எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணிக்காரர் என்பதால் இந்தப் பக்கத்துப் பள்ளிகளில் உற்சாகம் கொஞ்சம் கூடுதல். நம் தோழர்கள் பலர் சாவித்திரிபாய் புலே பிறந்த சனவரி 3ஐத்தான் ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் தேதியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளை தன் ஆசிரியருக்கு எதற்காக நன்றி சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும்?

குருவுக்கு நன்றி என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டியவன் ஏகலைவன். சொல்லிக் கொடுக்காத குரு கட்டைவிரலைக் கேட்டார், அவன் வெட்டிக் கொடுத்தான். அந்த மாதிரி நன்றி நமக்கு வேண்டாம். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர், நாட்டுக்கு உழைத்தவர்களுக்கு நன்றியோடு இருப்பதில் தவறில்லை, ஆனால் நன்றிக்கும் ஓர் எல்லை உண்டு என்று எச்சரித்தார். அயர்லாந்தின் டேனியல் ஓ'கானலை நினைவூட்டி, தன் மானத்தை விலையாகக் கொடுத்து எந்த மனிதரும் நன்றி காட்ட முடியாது என்றார். தலைவர்களைப் பற்றிச் சொன்னது இது. ஆசிரியர்களுக்கும் பொருந்தும்.

அதே அம்பேத்கர் தன் ஆசிரியருக்கு நன்றி காட்டியவர்தான். 1907இல் அவர் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில், கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர், தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசாகக் கொடுத்தார். பிறகு பரோடா மன்னரின் உதவித்தொகை கிடைக்கவும் துணையாக இருந்தார். அந்தப் புத்தகத்தை அம்பேத்கர் மாலை போட்டு அலமாரியில் வைக்கவில்லை. 49 ஆண்டுகள் கழித்து, 1956இல், லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் ஏற்றார். கிடைத்த ஒன்றைத் தன் மக்கள் எல்லோருக்கும் உரியதாக மாற்றினார். நன்றி என்றால் எனக்குத் தெரிந்து இதுதான்.

எனக்கும் ஒரு டீச்சர் இருந்தார். அவர் எனக்குக் கொடுத்தது புத்தகம் அல்ல. ஈறில் ஏன் ரத்தம் வருகிறது என்பதற்கான பதில். கேட்டால் சிரிப்பு வரும். அதனால்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பொன்னேரியிலிருந்து பழவேற்காடு போகும் வழியில், ஏரியை ஒட்டிய ஓர் ஊரின் காலனி எங்களுடையது. காலையில் பல் விளக்க எங்களுக்கு அடுப்புச் சாம்பல், இல்லாவிட்டால் செங்கல் தூள். ஆள்காட்டி விரல்தான் பிரஷ். துப்பினால் சிவப்பாக வரும். அம்மா, உடம்புச் சூடு என்பார். பக்கத்து வீட்டு அத்தை, பல்லுப் பூச்சி என்பார். ஊர்த்தெருவில் அதற்கு வேறு விளக்கம் வைத்திருந்தார்கள்: "இதுங்க பல்லே வெளக்காதுங்க." வாயிலிருந்து நாற்றம் வருகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளை நகர்ந்து உட்காரும். அதனால் நான் பேசும்போதும் சிரிக்கும்போதும் கையால் வாயை மூடிக்கொள்ளப் பழகியிருந்தேன். பொம்பளைப் பிள்ளை பல்லைக் காட்டிச் சிரிக்கக் கூடாது என்று வீட்டிலும் சொல்லியிருந்ததால் அது ஒழுக்கம் போலவும் தெரிந்தது.

வாய் என்பது சாதி குடியிருக்கும் இடம் என்று சமூகவியல் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. பேஷ்வாக்கள் ஆண்ட புனேயில், தீண்டப்படாதவர் துப்பும் எச்சில் தரையில் விழக் கூடாதென்று கழுத்தில் மண்கலயம் கட்டி நடக்க வைத்தார்கள் என்று 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் சொல்கிறார். நம் ஊரில் கலயம் இல்லை. ஆனால் 'கைகட்டி வாய்பொத்தி' என்ற சொல் இருக்கிறது. ஆண்டை முன்னால் மூச்சுக்காற்று படாமல் பேச வேண்டும் என்பதிலிருந்து வந்த பணிவு அது. டீக்கடையின் இரட்டைக் குவளையும் வாயை வைத்துத்தான். நம் பேச்சு, எச்சில், மூச்சு எல்லாம் தீட்டு என்று சொல்லப்பட்ட ஒரு சமூகத்தில், வாயிலிருந்து ரத்தம் வரும் பிள்ளைக்கு அது நோய் என்று தோன்றாது. தன் பிறப்பின் குறை என்றே தோன்றும்.

எங்கள் ஐந்தாம் வகுப்பு டீச்சர் பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒரு நாள் பாடம் ஒப்பிக்கும்போது என்னை நிறுத்தினார். "எதுக்கு வாயப் பொத்துற? கைய எடு கண்ணு." நான் எடுக்கவில்லை. பக்கத்தில் வந்து, தாடையைப் பிடித்து, வெளிச்சத்தில் வாயைத் திறந்து பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. மூக்கை மூடவில்லை. "ரத்தம் வருதா? எத்தனை நாளா?" என்று மட்டும் கேட்டார். என் வாய்க்குள் வீட்டாரைத் தவிர வேறொருவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியும் ஒரு உருண்டைப் பஞ்சும் கொண்டுவந்தார். காலனிப் பிள்ளைகள், குப்பத்துப் பிள்ளைகள், ஊர்த்தெருப் பிள்ளைகள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். ஆளுக்கொரு பஞ்சு. அவரவர் ஈறோரம் மெதுவாகத் தேய்த்துவிட்டுச் செய்தித்தாளில் வைக்கச் சொன்னார். பாதிக்கு மேல் பஞ்சில் இளஞ்சிவப்பு. டீச்சர் கேட்டார்: "இதுல எது காலனிப் பஞ்சு, எது ஊர்ப் பஞ்சு? யாராவது சொல்லுங்க பாக்கலாம்."

யாராலும் சொல்ல முடியவில்லை.

பிறகுதான் பாடம் நடத்தினார். பல்லையும் ஈறையும் ஒட்டிய இடத்தில் நகத்தால் சுரண்டச் சொன்னார். வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. "இது சோறு இல்ல. கண்ணுக்குத் தெரியாத உசுரு லட்சக்கணக்குல இதுக்குள்ள இருக்கு. அத எதுத்து சண்டை போட உடம்பு அங்க நெறைய ரத்தத்த அனுப்புது. ஈறு வீங்குது. வீங்கின எடத்துல கை பட்டா ரத்தம் வருது. உங்க உடம்பு வேலை செய்யுதுன்னு அர்த்தம்." அடுத்து சொன்னதை நான் இன்றுவரை முகாம்களில் அப்படியே சொல்கிறேன்: "ரத்தம் வருதேன்னு பயந்து அந்த எடத்த விட்டுடாதீங்க. அழுக்கு அங்கதான் இருக்கு. அங்கதான் மெதுவா தேய்க்கணும்."

பல ஆண்டுகள் கழித்து, பல் மருத்துவ முகாம் ஒன்றுக்குத் தயாராகும்போது ஓர் ஆய்வைப் படித்தேன். 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்தது. ஈறு நல்ல நிலையில் இருந்த 12 பேர். அதில் பெரும்பாலோர் பல் மருத்துவம் படிக்கும் மாணவர்கள். அவர்களைப் பல் விளக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். மூன்று வாரத்துக்குள் 12 பேருக்குமே ஈறு வீங்கி அழற்சி வந்துவிட்டது. மறுபடி விளக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழையபடி ஆனது. பல்லில் படியும் கிருமிப் படலம்தான் காரணம் என்பதை உலகுக்கு நிறுவிய ஆய்வு அது.

படித்தபோது எனக்கு எங்கள் வகுப்பறைச் செய்தித்தாள்தான் கண்ணில் நின்றது. வசதியான நாட்டின் பல் மருத்துவ மாணவருக்கே மூன்று வாரம் விளக்காவிட்டால் ஈறு வீங்கும் என்றால், இதில் சாதி எங்கே இருக்கிறது? பிறவிக் குணம் எங்கே இருக்கிறது? காரணம் தெரிந்த இடத்தில் அவமானத்துக்கு வேலை இல்லை.

இது பிள்ளைகளின் கூச்சத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. எங்கள் பக்கத்தில் பல் என்பது தொழில் கருவி.

பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்று முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. ஏரியைப் பொதுவில் பேணும் நல்ல ஏற்பாடு என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பாட்டில் பங்கு கிடைப்பது மீனவச் சாதி ஊர்களின் உறுப்பினர்களுக்கு. தலித்துகளுக்கும் இருளர்களுக்கும் மிஞ்சுவது கரையோரச் சேறு. வலையும் படகும் இல்லாமல், இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் சேற்றில் இருக்கும்போது பிடித்த இறாலை எங்கே போடுவது? பனையோலையில் முடைந்த பறியைப் பல்லால் கவ்விக்கொள்வார்கள். எண்ணூர் முதல் பழவேற்காடு வரை இன்றும் பெண்கள் இப்படித்தான் இறால் பிடிக்கிறார்கள்.

என் ஆயாவும் அப்படிப் பிடித்தவர்தான். மணிக்கணக்கில் பறியைக் கவ்வியபடி தண்ணீரில் நகர்வார். அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியபோது முன்பற்கள் ஆடத் தொடங்கின. முதலில் பல வருடம் ஈறில் ரத்தம், பிறகு ஈறு கீழே இறங்கியது, பிறகு ஆட்டம், பிறகு ஒவ்வொன்றாக விழுந்தது. வலி பெரிதாக இல்லை என்பதால் யாரும் பொருட்படுத்தவில்லை. பல் போனதும் பறியை இடுப்பில் கட்டிப் பார்த்தார். குனியும்போதெல்லாம் கவிழ்ந்தது. முன்பு பிடித்ததில் பாதிகூடத் தேறவில்லை. "பல்லு போச்சு, பொழப்பும் போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்.

பறியைக் கவ்வியதால்தான் பல் போனது என்று நான் சொல்லவில்லை. விளக்காமல் விட்ட படலம் கல் போல இறுகிக் காரையாகிறது. காரை பிடித்த பிறகு விரலாலோ பிரஷாலோ அதை எடுக்க முடியாது, பல் மருத்துவர்தான் சுரண்டி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அழற்சி ஈறைத் தாண்டிப் பல்லைத் தாங்கும் எலும்பை அரிக்கிறது. ஈறில் ரத்தம் வரும் முதல் கட்டத்தை முழுமையாகச் சரிசெய்துவிடலாம். எலும்பு கரைந்த பிறகு போனது போனதுதான், மேலும் கரையாமல் தடுக்க மட்டுமே முடியும். இந்த இரண்டு கட்டத்துக்கும் நடுவே பல வருட அவகாசம் இருக்கிறது. அந்த அவகாசத்தில் ஒருவர் ஆயாவிடம் வந்து காரணம் சொல்லியிருந்தால் போதும். அவர் பள்ளிக்கூடம் போனதே இல்லை. சொல்ல டீச்சர் இல்லை.

களத்தில் வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்காகச் சில விஷயங்களை நேரடியாக எழுதுகிறேன். ஈறில் ரத்தம் வருபவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் மேலே சொன்ன படலம்தான். மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு பற்பசை, காலை ஒருமுறை, இரவு தூங்கும் முன் ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் இரண்டு நிமிடம். இதுவே பலருக்குப் போதும். சாம்பல், செங்கல் தூள், மணல் எதுவும் வேண்டாம், பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். காரை எடுத்தால் பல் ஆடும் என்பது ஊர்ப்பேச்சு. ஏற்கெனவே எலும்பு கரைந்த பல்லைக் காரை பிடித்து வைத்திருந்தது போலத் தெரியும், அவ்வளவுதான்.

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் ரத்தம் கசியும், பயப்பட வேண்டாம், பல் மருத்துவரிடம் தைரியமாகப் போகலாம். சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். பீடி, சிகரெட் பிடிப்பவருக்கு ரத்தம் வராமலே உள்ளுக்குள் நோய் வளரும், புகை ரத்தக் குழாய்களைச் சுருக்கி அறிகுறியை மறைத்துவிடுகிறது. ஹான்ஸ், மாவா அடக்கும் தம்பிகளின் உதட்டுக்குள்ளும் கன்னத்துக்குள்ளும் வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். காய்ச்சலோடு ஈறில் ரத்தம் வந்தால் டெங்குவாக இருக்கலாம், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரை கொடுக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஒழுங்காக விளக்கியும் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை, உடம்பில் காரணமில்லாமல் நீலத் தழும்பு தெரிகிறது, அசதியாக இருக்கிறது என்றால் ரத்தப் பரிசோதனை அவசியம். பொன்னேரியிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போனால் அரசு பல் மருத்துவக் கல்லூரி அதிக தூரமில்லை. 1953 முதல் நடக்கும் கல்லூரி அது. பலருக்கு அது இருப்பதே தெரியாது.

டீச்சர் எங்களுக்கு இன்னொரு காரணமும் சொன்னார். பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைக்கு ஒருமுறை கூட்டிப்போனார். மண்டையோடு செதுக்கிய கற்களைப் பார்த்து நாங்கள் பயந்துகொண்டிருந்தபோது, "இவங்க ஊர்லேர்ந்து கப்பல்ல வரும்போதே பாதி பேருக்கு ஈறுல ரத்தம் வந்து பல்லு கொட்டிடும். மாசக்கணக்குல காயும் பழமும் இல்லாததால" என்றார். ஸ்கர்வி. வைட்டமின் சி இல்லாவிட்டால் ஈறைக் கட்டிக்காக்கும் திசு நெகிழ்ந்துவிடும். டச்சுக் கம்பெனி பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டை கட்டியது 1613இல். தன் கப்பல்களுக்குத் தண்ணீரும் காய்கறியும் கொடுப்பதற்கென்றே 1652இல் ஆப்பிரிக்காவின் தென்முனையில் ஒரு குடியேற்றத்தையும் தோட்டத்தையும் அமைத்தது. அதே கம்பெனிதான் இதே பழவேற்காட்டிலிருந்து ஏழை மக்களை அடிமைகளாக விலைக்கு வாங்கி, கப்பலில் ஏற்றி, பட்டாவியாவுக்கு அனுப்பியது. மாலுமிக்காகத் தோட்டம் போட்டவன் அடிமைக்காக என்ன போட்டிருப்பான்?

இதில் நாம் கவனிக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர், ஸ்கர்வி வந்த 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு பொருளைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும்தான் சீக்கிரம் தேறினார்கள். ஆனால் பிரிட்டிஷ் கடற்படை எல்லா மாலுமிக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்க முடிவெடுத்தது 1795இல். நடுவே 48 ஆண்டுகள். பதில் கையில் இருந்தும் அத்தனை பேர் செத்தார்கள். காரணம் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதை அதிகாரம் ஏற்கும்படி செய்வது இன்னொரு வேலை. 'கற்பி, ஒன்று சேர், புரட்சி செய்' என்ற மூன்று சொற்களில் முதல் சொல்லோடு நின்றுவிட முடியாது என்பதற்கு இதைவிட வேறு எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஈறில் ஏன் ரத்தம் என்று கேட்டால் படலம் என்பது முதல் பதில். படலம் ஏன் சேர்கிறது? பிரஷும் பற்பசையும் வாங்கும் பட்டியலில் கடைசியில் இருக்கிறது. ஏன்? கூலி போதவில்லை. வாய் கொப்பளிக்க நல்ல தண்ணீர் இல்லை. ஏன்? ஏரியோரத்தில் கிணறெல்லாம் உப்பாகிவிட்டது, லாரித் தண்ணீர் காலனிக்குக் கடைசியாக வருகிறது. ஆடும் பல்லைக் காட்ட ஆயா ஏன் போகவில்லை? ஒரு நாள் போனால் ஒரு நாள் இறால் போகும். 'பல்லே வெளக்காதுங்க' என்று சொல்பவருக்கு இந்தக் கேள்விகள் வராது. நம்மை நோக்கி வரும் ஒவ்வொரு இழிசொல்லுக்கும் எதிரில் ஓர் 'ஏன்' வைக்கக் கற்றுக்கொடுப்பவர்தான் ஆசிரியர். எனக்கு முதுகலை வகுப்பில் கிடைத்த கோட்பாடுகளுக்கெல்லாம் முன்னால் இதைக் கற்றுத் தந்தவர் அந்தத் தொடக்கப்பள்ளி டீச்சர்.

எல்லா ஆசிரியரும் அப்படி இல்லை. வேறொரு பள்ளியில், காலனிப் பிள்ளைகளின் நோட்டைக் கையால் தொடாமல் ஸ்கேலால் தள்ளிய ஆசிரியரையும் எனக்குத் தெரியும். செப்டம்பர் 5 அன்று அவருக்கும் பூங்கொத்து போனது. 'ஆசிரியர்' என்ற பதவிக்கே நன்றி சொல்லச் சொன்னால் நாம் மறுக்கலாம். ஒருவர் செய்த செயலுக்கு நன்றி சொல்வோம்.

அப்படிப் பார்த்தால் சாவித்திரிபாயை ஏன் நாம் ஆசிரியர் என்கிறோம் என்பதும் தெளிவாகும். 1848இல் புனேயில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார். தெருவில் அவர் மேல் சாணியும் சேறும் எறிந்தார்கள், மாற்றுப் புடவை எடுத்துக்கொண்டு போய் வகுப்பெடுத்தார். 1897இல் புனேயில் பிளேக் பரவியபோது, மருத்துவரான மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சைக் கூடத்துக்கு நோயாளிகளைக் கொண்டு சேர்த்தார். தீண்டப்படாதோர் குடியிருப்பிலிருந்து ஒரு சிறுவனை முதுகில் சுமந்துவந்தார் என்றும், அப்படித் தொற்றிய நோயில்தான் மார்ச் 10 அன்று இறந்தார் என்றும் வரலாறு. எழுத்தறிவிப்பதும் தொட்டுத் தூக்குவதும் அவருக்கு ஒரே வேலையாக இருந்தது.

அப்படியானால் எப்படி நன்றி சொல்வது? எனக்குத் தெரிந்த சில வழிகளைச் சொல்கிறேன்.

உங்களுக்குக் காரணம் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் உயிரோடு இருந்தால் ஒரு கடிதம் எழுதுங்கள். 'நன்றி டீச்சர்' என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த வகுப்பில், என்ன சொன்னார், அது உங்களை எங்கே கொண்டுவந்தது என்று எழுதுங்கள். ஏரியோரத் தொடக்கப்பள்ளியில் முப்பது வருடம் வேலை செய்தவருக்குத் தன் வேலை என்ன ஆனது என்று யாரும் சொல்வதில்லை. எங்கள் டீச்சருக்கு நான் எழுதியதில் பஞ்சைப் பற்றியே ஒரு பக்கம் இருந்தது. அவருக்கு அந்த நாள் நினைவில்லையாம். "எல்லா பேட்ச்சுக்கும் செஞ்சேனேம்மா" என்றார்.

அவர் சொன்னதை நான்கு பேருக்குச் சொல்லுங்கள். காலனியிலும் குப்பத்திலும் இருளர் குடியிருப்பிலும் பஞ்சோடும் கண்ணாடியோடும் ஒரு மாலை உட்கார்ந்தால் போதும். பறி கவ்வும் அக்காக்களிடம் முதலில் போங்கள்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் எத்தனை ஆசிரியர் பணியிடம் காலி என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 2013 முதல் தேசிய சிறார் நலத் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவக் குழு வந்து பல் உள்பட பரிசோதிக்க வேண்டும். கடைசியாக எப்போது வந்தார்கள், யாருக்கு என்ன சிகிச்சை எழுதிக்கொடுத்தார்கள், அது நடந்ததா என்று கேளுங்கள். மதிய உணவு முடிந்ததும் வாய் கொப்பளிக்கும் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று ஒருநாள் நேரில் நின்று பாருங்கள். வரவில்லை என்றால் கிராம சபையில் எழுந்து பேசுங்கள்.

பேசும்போது வாயைப் பொத்தாமல் பேசுங்கள்.

ஜெய்பீம்.